இடது சட்டைப்பை

“எடுத்துட்டா உங்க மைனி பிழைச்சுக்கிடுவாங்க. ஆனா எடுக்கதுக்கு இப்ப யாருக்கும் தெரியாது” என்றாள் டாக்டர் ஜெனிலா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற இடமா அது? ஆனாலும் வந்தது. நிலாவில் ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்கள். உடன்குடியில் நான் ஜாக்கெட் தைக்கிற கடைக்கு ஊசியும் நூலும் வானத்தில் பறந்து வந்து இறங்குகிறது. ஒரு மார்பை அறுத்து எடுக்க ஆள் இல்லையாம்.

“என்ன டாக்டரம்மா, விளையாடுதீங்களா?”

“விளையாடலக்கா. உக்காருங்க. அண்ணாச்சி, நீங்களும் வாங்க.”

அண்ணாச்சி என்று அவள் கூப்பிட்டது என் அண்ணன் குகனை. அவன் கதவோரமாக ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வெக்கையிலும் கழுத்துப் பொத்தான்வரை போட்ட முழுக்கைச் சட்டை. பெண்டாட்டிக்கு மார்பில் புற்று வந்திருக்கிறது, புருஷன் கதவோரம் நிற்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னத்தைச் சொல்ல?

ஜெனிலா சின்னப் பெண். புன்னக்காயலில் பிறந்து வளர்ந்தவள். எதையும் மறைக்காமல் சொல்லுவாள், அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். திரையில் ஆதிரை மைனியின் மார்புக்கூட்டைக் காட்டினாள். இடது பக்கம் கட்டி வெள்ளையாகத் தெரிந்தது. அதன் வேர் மார்பைத் தாண்டி அடியில் போய் ஒட்டியிருந்தது.

“அந்தக் காலத்துல மார்பு, அதுக்கு அடியில உள்ள தசை, அக்குள்ல உள்ள நெறி, எல்லாத்தையும் சேர்த்து அள்ளிருவாங்கக்கா. ஆறின பிறகு தோலுக்குக் கீழ விலா எலும்பை எண்ணலாம். அப்புறம் தசையை விட்டுட்டு மார்பை மட்டும் எடுத்தாங்க. அப்புறம் மார்பையும் விட்டுட்டுக் கட்டியை மட்டும் எடுத்தாங்க. நெறியில ஒண்ணே ஒண்ணை எடுத்துப் பாத்தா போதும்னாங்க. அப்புறம் அதுவும் வேண்டாம்னு ஆச்சு. இப்பக் காவலணு ஊசி. உடம்புக்குள்ள போய்க் கட்டியைத் தின்னுட்டு அதுவும் செத்துப்போகும். மிச்சம் இருந்தா மெல்லக்கை சுரண்டி எடுத்துரும்.”

மெல்லக்கை என்பது ஆபரேஷன் செய்கிற இயந்திரம். கம்பெனி அதற்கு வைத்த பெயர் வேறு. ஒரு மயிரிழைகூட அதிகமாக வெட்டாது என்பதால் ஆஸ்பத்திரியில் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

“நல்லதுதான?”

“ரொம்ப நல்லது. வடுகூட இல்லாம எத்தனை பேர் வீட்டுக்குப் போறாங்க! ஆனா எப்பவாவது ஒருத்தருக்கு ஊசி கேக்காது. கட்டி தசைக்குள்ள இறங்கிரும். உங்க மைனிக்கு அப்படித்தான் ஆயிருக்கு. இதுக்கு அந்தப் பழைய வைத்தியம்தான். தசையோட அள்ளணும். அதைச் செஞ்ச டாக்டருங்க யாரும் உயிரோட இல்ல. நான் படிச்சது ஊசியும் திரையும்தான். எனக்குக் கத்தி பிடிக்கவே தெரியாது.”

“அந்த மிஷினுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியதுதான? படம் இருக்கும், வீடியோ இருக்கும்.”

“இருந்துச்சு. நோயாளி கேட்டா அவங்க படத்தை அழிச்சிரணும்னு சட்டம் வந்ததும் முக்கால்வாசிப் பேர் அழிக்கச் சொல்லிட்டாங்க. மிச்சத்தை மெல்லக்கைக்குக் காட்டக்கூடாதுன்னு பெரியவங்க முடிவு பண்ணாங்க. அதிகமா வெட்டப் படிச்சா அதிகமா வெட்டிரும்னு பயம். இப்ப அது ஒரு வெட்டைப் படிக்கணும்னா ஒரே வழிதான். அப்படி வெட்டி, ஆறி, வருஷக்கணக்கா நடமாடுற ஒரு உடம்பை நேர்ல பாக்கணும். எந்த நரம்பை விட்டாங்க, தோலை எங்க இழுத்துச் சேத்தாங்க, கை எவ்வளவு தூக்க வருது, எல்லாத்தையும் அதுவே அளந்து படிச்சுக்கிடும்.”

“எத்தனை நாளு இருக்கு?”

“ரெண்டு வாரம். அதுக்குள்ள எடுக்கலன்னா விலா எலும்பைத் தாண்டிரும். அப்புறம் வெட்டிப் பிரயோஜனம் இல்ல.”

நான் எழுந்துவிட்டேன். அழ எனக்கு நேரமில்லை. நடமாடுகிற உடம்புதானே வேண்டும்? இந்தப் பக்கத்துப் பெண்களின் உடம்பு என் இஞ்சி டேப்புக்குத் தெரியாதா?

அண்ணன் கதவோரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். “ஏதாவது வாயைத் திறந்து சொல்லேண்ணே” என்றேன். “நீ பாத்துக்கிடு மகிழு” என்றான்.

அவன் எப்போதும் அப்படித்தான். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சந்நிதிக்குப் போகவேண்டும். அந்த முருகன் பேரையே வைத்திருக்கிற இவன் முப்பது வருஷமாக உள்ளே போனதில்லை. நாங்கள் எல்லோரும் கும்பிட்டுவிட்டு வரும்வரை கடற்கரை மணலில் செருப்புக்குக் காவல் இருப்பான். கேட்டால், “எனக்கும் அவனுக்கும் சண்டை” என்பான். சரி, சாமியோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. அப்பா செத்தபோது என்ன செய்தான்? ஒரே மகன். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு குடம் தூக்கவேண்டியவன், காய்ச்சல் என்று கட்டிலில் படுத்துக்கொண்டான். பெரியப்பா மகன் இனியவன்தான் கொள்ளி வைத்தான். “இவனெல்லாம் ஒரு மகனா?” என்று இனியவன் தெரு நடுவில் நின்று காறித் துப்பினான். அதை நான் தடுக்கவில்லை. எனக்கும் அந்த ஆத்திரம் இருந்தது, இன்றைக்கும் அடங்கவில்லை.

இப்பேர்ப்பட்டவனுக்கு ஆதிரை மைனி வாய்த்தாள். பிள்ளை இல்லை என்ற குறையை ஒருநாளும் முகத்தில் காட்டாதவள். எனக்குத் தையல் மிஷின் வாங்க வழி செய்தவள். என் புருஷன் போன பிறகு ஒரு வேளைகூட என்னைத் தனியாகச் சாப்பிட விடாதவள். நாத்தனாரும் மைனியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதை ஊரில் கேலி பேசுவார்கள். பேசட்டுமே. அவளிடம் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். நான் இவ்வளவு பெரிய தையல்காரி இருக்கும்போது, அண்ணனுக்குச் சட்டையை அவளே தைப்பாள். காலர் ஒரு பக்கம் கோணும், கை ஒன்று நீளும். “குடு மைனி, நான் அடிச்சித் தாரேன்” என்றால், “அவியளுக்கு என் கைத் தையல்தான் பிடிக்கி” என்பாள். கொழுப்புதான் என்று விட்டுவிட்டேன்.

மார்பை எடுத்த பெண்களை எனக்குத் தெரியும். காவலணு வருவதற்கு முன்னால் ஆபரேஷன் ஆனவர்கள். வெளியில் ஒருவருக்கும் தெரியாது, ஜாக்கெட் தைக்கிறவளுக்கு மட்டும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு பக்கம் மெத்தென்று பஞ்சு வைத்தால் போதாது. கனம் சமமாக இல்லாவிட்டால் ஜாக்கெட் ஏறிக்கொள்ளும், தோள் வலிக்கும். நான் சின்னதாக ஒரு துணிப்பை தைத்து அதில் கம்பு தானியம் நிரப்பி, நாலு மூலையிலும் குறுக்குத் தையல் போட்டு உள்ளே பிடித்துக் கொடுப்பேன். அந்தக் குறுக்குத் தையல் என் கடையை விட்டால் வேறெங்கும் கிடையாது. மைனிக்கு மட்டும் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன், பொழுதுபோகாமல் கேட்டாள் என்று.

நாசரேத்தில் எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டியவர். விஷயத்தைச் சொன்னதும் வெற்றிலைச் செல்லத்தை மூடி வைத்தார்.

“மழையில நனைஞ்சா முளைச்சிருமோன்னு பயந்து பயந்து உன் கம்பைச் சுமந்துட்டிருக்கேன். கடைசியில இதுக்காவது உதவட்டும். எப்ப வரணும்?”

எல்லோரும் அப்படி இல்லை. ஒரு வீட்டில் மருமகளுக்குத் தெரிந்துவிடும் என்று கதவைச் சாத்தினார்கள். இன்னொருத்தி என்னை ஆரென்றே தெரியாது என்றாள், அவள் அளவு எனக்கு மனப்பாடம். காயல்பட்டினத்தில் பல்கீஸ் லாத்தா என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்த் தாழ்ப்பாள் போட்டார். அப்புறம், “பெத்த கொமருங்க கல்யாணத்துக்காக மறைச்சேன். இப்ப அதுகளுக்கே பேரப்புள்ளை வந்தாச்சு, இன்னும் மறைச்சுட்டுத்தான் இருக்கேன்” என்றார். “ஆம்பளை யாரும் இருக்கக்கூடாது. படம் எதையும் வச்சிக்கிடக்கூடாது. சத்தியம் பண்ணு.” பண்ணினேன்.

ஏழு பேர் வந்தார்கள். ‘பெண்கள் மட்டும்’ என்று எழுதியிருந்த அறைக்குள் ஒவ்வொருத்தராகப் போய், வருஷக்கணக்காகப் புருஷனுக்குக்கூடக் காட்டாததை ஒரு இயந்திரத்துக்குக் காட்டினார்கள். நான் உள்ளே முந்தானைகளை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் வெளியே பெஞ்சில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தான். பல்கீஸ் லாத்தாவுக்கு ஊக்கு கழலவில்லை. எஸ்தர் டீச்சர்தான் போய்க் கழற்றிவிட்டார். மெல்லக்கையின் நீலவெளிச்சம் வடுவின் மேல் மெதுவாக ஊர்ந்துபோகும். பிறகு தன்மையான பெண் குரலில் அது சொல்லும்:

“தசை உள்ளது. இந்த வெட்டு போதாது. வந்தமைக்கு நன்றி.”

ஏழு பேருக்கும் அதையே சொல்லியது. எனக்கு அந்தப் பெட்டியை எட்டி உதைக்கவேண்டும் போல இருந்தது. ஜெனிலா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், “இவங்க காலத்துலயே தசையை விட ஆரம்பிச்சுட்டாங்கக்கா. தசையோட எடுத்தது வேணும். அப்படி ஒருத்தர் உயிரோட இருந்தாலே அதிசயம்.” கதவு திறந்துதான் இருந்தது. அண்ணனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

“வேற ஊரு, வேற நாடு?”

“தேடிட்டேன். எல்லா இடத்துலயும் இதே பதில்தான் வருது.”

அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் நான் அலைந்தேன். சாயர்புரம், ஏரல், ஆழ்வார்திருநகரி. வயசானவர்கள் இருக்கிற வீடாகப் பார்த்து வெட்கமில்லாமல் கேட்டேன். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். மைனிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. முருகா, முருகா என்று எத்தனை தரம் கூப்பிட்டேனோ, அவனுக்கும் காது கேட்கவில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் ஓடிப்போயிருந்தது. மைனிக்கு மாற்றுச் சேலை எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதியம், கொளுத்துகிற வெயில். கொடியில் அண்ணனின் சட்டைகள் காய்ந்து விறைத்துக் கிடந்தன. அவனுக்கும் ரெண்டு எடுத்துப் போவோமே என்று உருவினேன். கோணல் காலர். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மடிக்கும்போது இடது சட்டைப்பையின் பின்னால் என் விரலில் ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது.

உள்பக்கம் திருப்பினேன். சட்டைப்பை அகலத்துக்கு ஒரு துணிப்பை. தோள் எலும்புக்குக் கீழே குழியை நிரப்புகிற மாதிரி மேலே தடித்து, கீழே மெலிந்து போனது. நாலு மூலையிலும் குறுக்குத் தையல்.

அடுத்த சட்டையை எடுத்தேன். அதற்கு அடுத்ததை. எல்லாவற்றிலும் இடது பக்கம் அதே பை.

வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊரில் உள்ள பெண்களையெல்லாம் அளந்தேன், என் கூடப் பிறந்தவனை ஒருநாளும் அளக்கவில்லை. செருப்புக்குக் காவல். சாமியோடு சண்டை. அப்பா செத்த அன்றைக்கு வந்த காய்ச்சல். பஸ்ஸில் மேல்கம்பியை வலது கையால் மட்டும் பிடிப்பது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அப்புறம் ஜெனிலா தசை என்று சொன்னபோது அவன் பொத்தானைத் திருகியதும் ஞாபகம் வந்தது. அவனுக்கு அன்றைக்கே தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போய் மைனியின் கட்டிலில் அந்தச் சட்டையைப் போட்டேன். அவள் பார்த்தாள்.

“கதவைச் சாத்து மகிழு.”

“எத்தனை வருஷமா?”

“கல்யாணமாகி மூணாவது வருஷம். பெங்களூர்ல வேலை பாத்தாவல்லா, அப்பம். மொதல்ல பருன்னு நெனச்சாவ. தசை வரைக்கும் போயிட்டு, தசையோட எடுத்துட்டாவ.” மூச்சு வாங்கியது. “எனக்குப் பொம்பளை நோய் வந்திருக்கேன்னு ஒரே அழுகை. லீவுக்கு ஊருக்கு வந்தப்ப ஒரு நாள் கடலுக்குள்ள இறங்கி நடந்துட்டே போயிட்டாவ. கழுத்தளவு தண்ணி. நான்தான் முடியைப் பிடிச்சு இழுத்தாந்தேன். யாருக்கும் தெரியவிடமாட்டேன்னு அந்த மணல்ல வச்சுச் சத்தியம் பண்ணினேன்.”

“நீ சாகப்போற மைனி! அது தெரியுதா உனக்கு?”

“தெரியும்.”

“அவன் ஒருத்தன் சட்டையைக் கழட்டினா நீ பிழைச்சுக்கிடுவ.”

“அவிய தாங்கமாட்டாவ மகிழு. மறுபடியும் கடலுக்குப் போனாவன்னா இழுத்தார நான் இருக்கமாட்டேன்.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கேக்காத. நீ கேட்டா அவியளுக்குத் தெரிஞ்சிரும், உனக்குத் தெரியும்னு.”

பைத்தியக்காரி. என் வாழ்க்கையில் அவள் சொன்னதை நான் தட்டியதில்லை. அன்றைக்குத் தட்டினேன்.

வெளியே பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் எஸ்தர் டீச்சர், மைனியைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர். நான் போய் அவன் முன்னால் நின்றேன். சட்டையை அவன் மடியில் போட்டேன், உள்பக்கம் வெளியே தெரிய.

“கழட்டுண்ணே.”

அவன் அவசரமாகச் சட்டையைச் சுருட்டி அந்தப் பையை மறைத்தான்.

“டாக்டர் தசைன்னு சொன்ன அன்னைக்கே உனக்குத் தெரியும். ஏழு பொம்பளைங்க வந்து முந்தானையை எடுத்துக் காட்டிட்டுப் போனாங்க. நீ ஃபிளாஸ்க்கைக் கட்டிப்பிடிச்சுட்டு இருந்திருக்க. நீயெல்லாம்…”

“தெனமும் சொல்லணும்னுதான் வாரேன்” என்றான். “பொத்தான் வரைக்கும் கை போகுது மகிழு. அதுக்கு மேல போகமாட்டேங்கு. ஆம்பளைக்கு எங்கல மார்புன்னு சிரிச்சிருவாங்கன்னு… அப்பாவுக்கே கொள்ளி வைக்காதவன். இப்ப எப்பிடிக் கழட்டுவேன்? அப்பாவுக்குக் கழட்டாததை?”

“அப்பா செத்துட்டாரு. இவ இன்னும் சாகல.”

தரையில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்தார்கள். என் மானம் போனால் போகட்டும்.

எஸ்தர் டீச்சர்தான் எழுந்தார். ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளில் கை வைத்தார். “எய்யா, எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. ஊக்கைக் கழட்டினதுக்கு அப்புறம் ஒண்ணுமில்ல. நான் கூட வாரேன், வாங்க.”

அண்ணன் எழுந்தான். அந்த அறை வாசலில் போய் நின்றதும் கதவு பேசியது: “இந்த அறை பெண்களுக்கு மட்டும். மார்புப் பரிசோதனைக்கு ஆண்களைப் பதிவு செய்ய இயலாது.”

இதற்கு என்ன சொல்லுவது! அவன் திரும்பிப் போகப் பார்த்தான். நான் விடவில்லை, சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். ஜெனிலா ஓடிவந்து என்னென்னவோ எண்களைத் தட்டினாள். கதவு அதையே திரும்பத் திரும்பச் சொல்லியது. கடைசியில் அவள் கோபத்தில் கதவின் மின்சாரத்தை மட்டும் அணைத்து அதைக் கையால் தள்ளித் திறந்தாள். உள்ளே வேறு ரெண்டு பெண்கள் பரிசோதனைக்குக் காத்திருந்தார்கள். ஆளைப் பார்த்ததும் பதறி எழுந்தார்கள்.

“உக்காருங்க பிள்ளைகளா” என்றார் எஸ்தர் டீச்சர். “நம்ம ஆளுதான்.”

அண்ணன் பொத்தான்களைக் கழற்றினான். ஒவ்வொன்றுக்கும் நின்றான். சட்டை விழுந்தது, பனியன் விழுந்தது. இடது பக்கம் மார்பும் இல்லை, காம்பும் இல்லை, தசையும் இல்லை. தோள் எலும்புக்குக் கீழே பள்ளம். அதில் தோல் மட்டும் விலா எலும்பின்மேல் ஒட்டியிருந்தது, அதற்குக் கீழே இதயம் துடிப்பது தெரிந்தது. அவனைச் சின்ன வயசில் நான் எத்தனையோ தரம் அருவியில் பார்த்திருக்கிறேன். இது வேறு ஆள். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, தெரியவில்லை.

நீலவெளிச்சம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியது. நெடுநேரம் நகராமல் நின்றது.

“தசை இல்லை” என்றது மெல்லக்கை. “முழுமையாக ஆறியுள்ளது. கற்றுக்கொள்கிறேன். கையை உயர்த்துங்கள்.”

அண்ணன் இடது கையை உயர்த்தினான். பாதிக்கு மேல் வரவில்லை. ஜெனிலா என்னைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டாள். ஆண்டவரே, ஆண்டவரே என்றாள். மறுநாள் காலையிலேயே ஆபரேஷன் என்று ஏற்பாடானது. அன்றைக்கு நானும் அண்ணனும் மைனியின் கட்டிலோரம் உட்கார்ந்து அவளோடு இட்லி சாப்பிட்டோம். அண்ணன் சட்டைக்குப் பொத்தான் போடாமல் உட்கார்ந்திருந்தான். மைனி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், புதுப்பெண் மாதிரி.

காலையில் கத்தி வைக்கும் முன்னால் கடைசியாக ஒரு தரம் படம் எடுத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது. சொன்ன ரெண்டு வாரம் முடிவதற்குள்ளேயே கட்டி விலா எலும்பைத் தாண்டி நுரையீரல் உறைக்குள் போயிருந்தது. மெல்லக்கைக்கு இப்போது வெட்டத் தெரியும். வெட்டிப் பயனில்லை என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. “அறுவை பரிந்துரைக்கப்படவில்லை” என்று அதே தன்மையான குரலில் சொல்லிவிட்டுக் கையை மடக்கிக்கொண்டது.

அண்ணன் ஜெனிலாவிடம் போய் நின்றான். மைனியும் கட்டிலில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“டாக்டர், நான் மொத நாளே சொல்லியிருந்தா?”

ஜெனிலாவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது என்று சொன்னேனே. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மைனி முந்திக்கொண்டாள்.

“மொத நாளே சொல்லியிருந்தாலும் இதேதான். எனக்கு அப்பமே மூச்சு குத்துச்சு. அப்பமே தாண்டியிருக்கும். என்ன டாக்டர்?”

அவள் ஜெனிலாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கெஞ்சல் இல்லை, அதட்டல். ஜெனிலா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“ஆமா அண்ணாச்சி” என்றாள். “அப்பவே தாண்டியிருச்சு.” சொல்லிவிட்டு அறையை விட்டு ஓடிப்போனாள். முதல் நாள் படத்தை நானும்தான் பார்த்தேன். அதில் தாண்டவில்லை.

அண்ணன் நம்பினானா, இல்லையா, நான் கேட்கவில்லை. மாசக் கடைசியில் மைனி போய்விட்டாள். மூச்சு அடங்கும்போது அவள் கை அவன் சட்டைக்குள் அந்தப் பள்ளத்தின்மேல் இருந்தது.

பிள்ளை இல்லாததால் கொள்ளி யார் வைப்பது என்று பேச்சு வந்தது. இனியவன் முன்னால் வந்தான். “நானே வைக்கேன். அவன் எங்க வைக்கப்போறான், இன்னைக்கும் காய்ச்சல் வந்திரும்” என்றான். தொண்டையில் வந்த வசவை நான் விழுங்கினேன். அண்ணன் கிணற்றடியில் இருந்து வந்தான். தலையில் இருந்து தண்ணீர் சொட்டியது. இடுப்பில் ஈர வேட்டி, மேலே ஒன்றுமில்லை.

தெருவில் பேச்சு நின்றது. ஒப்பாரிகூட நின்றது. ஒரு பிள்ளை ஏதோ கேட்க, தாய் அதன் வாயைப் பொத்தினாள். அவன் யாரையும் பார்க்காமல் இனியவனிடம் இருந்து குடத்தை வாங்கி இடது தோளில் வைத்தான். அந்தக் கைக்கு மேலே போகும் பலம் இல்லை, குடம் சரிந்தது. சுடுகாட்டுக்குப் பெண்கள் போகக்கூடாதாம். நான் போனேன். மூன்று சுற்றும் அவன் முழங்கையை நான் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எவனும் என்னைத் தடுக்கவில்லை.

எல்லாம் முடிந்து மின்சார அடுப்பின் கதவு மூடியது. ஆண்கள் குளிக்கக் கிளம்பினார்கள். அண்ணன் வேப்பமரத்தடியில் நின்றான். நான் கொண்டுபோயிருந்த சட்டையைப் பையில் இருந்து எடுத்தேன். அப்போது இனியவன் திரும்பி வந்தான். எல்லோரும் துண்டை இடுப்பில் கட்டியிருக்க, அவன் மட்டும் துண்டை மார்பு முழுக்கப் போர்த்தியிருந்தான். நான் அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

“குகா” என்றான். என்னைப் பார்த்துத் தயங்கினான். நான் நகரவில்லை. “எனக்கும் இந்த வலது பக்கம் காம்புக்குக் கீழ கொட்டை மாதிரி… நாலஞ்சு மாசமா இருக்கு. வலிக்கல. கொழுப்பாத்தான் இருக்கும், என்ன?”

அண்ணன் இனியவனின் மணிக்கட்டைப் பிடித்தான்.

“வா போலாம்.”

“எங்கல? குளிக்காண்டாமா? பதினாறு முடியட்டும், பொறவு…”

“இப்ப.”

இழுத்துக்கொண்டே வண்டிக்குப் போனான். இனியவன் பாதித் திமிறலும் பாதி அழுகையுமாகப் பின்னால் போனான். நான் ஓடிப்போய்ச் சன்னல் வழியாகச் சட்டையை நீட்டினேன். “இதைப் போட்டுட்டாவது போண்ணே.”

வாங்கிப் பின் சீட்டில் போட்டான். ஈர உடம்போடு உட்கார்ந்து, வண்டியிடம் ஆஸ்பத்திரி பேரைச் சொன்னான்.